இரண்டு நிழல்கள்



சென்ற தை மாதத்தில் ஒரு மாலைப் பொழுது. திருப்பரங்குன்றத்துத் தென்கால் கண்மாய்க் கரையில் நாங்கள் மூவர் அமர்ந்திருந்தோம். ஒருவன் என்னுடைய பழைய மாணவன். உசிலம்பட்டிப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. இன்று விமானியாகப் பணிபுரிகின்றவன். மற்றொருவர், ஆடுகளைக் கரையில் மேயவிட்டுவிட்டு எங்களோடு பேச்சுத் துணைக்கு வந்து அமர்ந்த முதியவர். அப்பொழுது ஒரு விமானம் பெருங்குடித் திக்கில் தாழ்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. முதியவர் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, "வாத்தியாரையா, பஸ்ஸும் பஸ்ஸும் முட்டிக்கிட்டால் ரோடு குறுகல் என்று சொல்லலாம். வானத்தில் இடத்துக்கா பஞ்சம்? அங்கே போயுமா ஒன்றோடொன்று முட்டும்?" என்று கேட்டார்.

நான் விடை கூற வாயெடுத்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவனுக்கு, யார் எதைக் கேட்டாலும் விடை கூறத் தொடங்கிவிடும் வழக்கம் எளிதில் போவதில்லை. ஆனால் என் மாணவன் முந்திக்கொண்டான். "முட்டும், தாத்தா. நான் ஒருமுறை முட்டத் தெரிந்து தப்பினேன்" என்றான். அவன் அன்று கூறியதையும், அதன்மேல் நான் எண்ணிப் பார்த்தவற்றையும் உங்களுக்குச் சொல்லவே இன்று வானொலி நிலையத்துக்கு வந்திருக்கிறேன்.

முதலில் முதியவரின் வினாவை எடுத்துக்கொள்வோம். அது அறியாமையால் எழுந்த வினா அன்று. வானூர்தித் துறையின் தொடக்க காலத்தில் கற்றறிந்தவர்களும் அவ்வாறே எண்ணியிருந்தனர். வானம் பரந்தது, விமானம் சிறியது, இரண்டு விமானங்கள் ஒரே கணத்தில் ஒரே இடத்துக்கு வருவது எங்ஙனம்? ஆனால் சற்றுச் சிந்தியுங்கள். மதுரை மாநகரமும் பரந்ததே. எனினும் சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளன்று வைகைக் கரையில் எள் விழ இடமிராது. இடம் இல்லாமையால் அன்று. எல்லாரும் ஒரே இடத்துக்கு வர விரும்புவதால். விமானங்களின் நிலையும் அதுவே. வானம் எத்துணை அகன்றதாயினும், இறங்குவதற்கு உள்ளது ஓர் ஓடுபாதை. நம் மதுரை விமான நிலையத்தின் ஓடுபாதை சுமார் இரண்டேகால் கிலோமீட்டர் நீளமும் 45 மீட்டர் அகலமும் கொண்டது. அந்த 45 மீட்டரை நோக்கித்தான் எட்டுத் திக்கிலிருந்தும் விமானங்கள் வந்து குவிகின்றன. 1942ஆம் ஆண்டில், இரண்டாம் உலகப் போரின் போது, பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்தத் தொடங்கிய நிலம் அது.

இனிப் பறக்கக் கற்கும் மாணவனைப் பாருங்கள். அவன் ஊர்விட்டு ஊர் செல்வதில்லை. ஏறுகிறான், ஒரு சுற்றுச் சுற்றுகிறான், இறங்குகிறான், மீண்டும் ஏறுகிறான். நீங்கள் தமிழ் நெடுங்கணக்கை எழுதிப் பழகியது போல, ஒரே ஓடுபாதையைச் சுற்றி நூற்றுக்கணக்கான முறை. வணிக விமானி உரிமம் பெற நம் நாட்டில் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் ஒரு நல்ல பங்கு இந்தச் சுற்றிலேயே கழிகிறது. ஒரு பயிற்சிப் பள்ளியில் ஒரே காலையில் நான்கைந்து சிறு விமானங்கள் இவ்வாறு சுற்றிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றிலும் கற்றுக்குட்டி.

அந்தச் சுற்று எப்படிப்பட்டது என்பதை மதுரைக்காரர்களுக்கு விளக்குவது மிக எளிது. மாசி வீதிகளை நினைத்துக்கொள்ளுங்கள். திருத்தேர் கீழமாசி வீதியில் புறப்பட்டு, தெற்கு மாசி, மேல மாசி, வடக்கு மாசி வீதிகளைச் சுற்றி நிலைக்கு வந்து சேர்கிறது. கோயில் எப்போதும் தேருக்கு வலப்புறம் இருக்கும். விமானமோ பெரும்பாலும் இதற்கு மாறாக இடச்சுற்றே சுற்றும். காரணம் வேறொன்றுமில்லை, தலைமை விமானி இடப்பக்கத்து இருக்கையில் அமர்கிறார். ஓடுபாதை இடப்புறம் இருந்தால்தான் அவர் கண்ணில் படும். ஆகவே, கீழமாசி வீதியையே ஓடுபாதையாகக் கொண்டால், விமானம் வடக்கு நோக்கி ஓடி ஏறும்; இடப்புறம் திரும்பி வடக்கு மாசி வீதி வழியே மேற்கே போகும்; மீண்டும் திரும்பி மேல மாசி வீதி வழியே தெற்கே வரும்; தெற்கு மாசி வீதியில் கிழக்கே திரும்பித் தாழத் தொடங்கும்; விளக்குத்தூணில் கடைசி முறையாக இடப்புறம் திரும்பி, ஓடுபாதையை நேரே கண்டு இறங்கும். சுற்றின் உயரம் தரையிலிருந்து சுமார் 1,000 அடி. வீதியின் அளவுதான் பெரிது, முறை இதுவே. கடைசியாகத் திரும்பிய பிறகு வரும் நேர்கோட்டுக்கு 'ஃபைனல்' என்று பெயர். நாம் இறுதிக் கோடு என்போம்.

சுற்றில் இருக்கும் ஒவ்வொரு விமானியும் திரும்பும் இடந்தோறும் தான் எங்கே இருக்கிறான் என்பதை ரேடியோவில் அறிவிக்க வேண்டும். பெரிய நிலையங்களில் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ஒருவர் அமர்ந்து இவர்களை வரிசைப்படுத்துவார். சிறிய பயிற்சித் தளங்கள் பலவற்றில் அத்தகைய கோபுரம் இராது. அங்கே ஒருவருக்கொருவர் சொல்வதும், கேட்பதும், கண்ணால் பார்ப்பதுமே காவல்.

என் மாணவன் பயின்றதும் வேறொரு மாநிலத்தில் அத்தகைய ஒரு தளத்தில்தான். பள்ளியின் பெயர் இங்கு வேண்டா. அவனுடைய தந்தையார் ஓர் ஏக்கர் நன்செய்யை விற்றும், மீதிக்குக் கடன் வாங்கியும் அவனை அனுப்பியிருந்தார். அங்கே இருவகை விமானங்கள் இருந்தன. ஒன்று செஸ்னா; அதன் இறக்கை விமானியின் தலைக்கு மேலே, கூரை போல அமைந்தது. மற்றொன்று பைப்பர், அதன் இறக்கை விமானியின் காலடியில், திண்ணை போல நீண்டிருப்பது. செஸ்னாக்காரனுக்குக் கீழே உள்ள நிலம் முழுதும் தெரியும். மேலே உள்ளது தெரியாது. பைப்பர்க்காரனுக்கு மேலே உள்ள வானம் தெரியும். கீழே உள்ளது மறையும். இந்த ஒரு செய்தியை மறவாதீர்கள்.

அன்று காலை அவன் செஸ்னாவில் தனியே பறந்தான். ஞாயிறு கிழக்கே பாதி வானம் ஏறியிருந்தது. ஓடுபாதை தென்வடலாகக் கிடந்தது. வடக்கு நோக்கி இறங்க வேண்டும். மூன்று சுற்று முடித்து நான்காம் சுற்றில் கடைசித் திருப்பம் திரும்பினான். ரேடியோப் பொத்தானை அழுத்தி, "இறுதிக் கோட்டில் இருக்கிறேன்" என்று அறிவித்தான். மறுமொழி ஏதும் இல்லை. வழி தெளிவாக இருக்கிறது என்று கொண்டான்.

"400 அடி உயரத்தில் வந்துகொண்டிருந்தேன், ஐயா. வேகத்தைப் பார்த்தேன், ஓடுபாதையைப் பார்த்தேன், பழக்கத்தால் இடப்பக்கம் கீழே பார்த்தேன். வெயில் வலப்புறத்திலிருந்து அடித்ததால் என் விமானத்தின் நிழல் இடப்புறத்து வயலில் ஓடி வந்துகொண்டிருந்தது. அறுவடை முடிந்த வெற்று வயல். நிழல் நன்றாகத் தெரிந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அதைப் பார்ப்பது எனக்கு ஒரு விளையாட்டு. அன்று பார்த்தபோது வயலில் இரண்டு நிழல்கள் ஓடின."

இதைக் கூறும்போது அவன் குரல் தாழ்ந்தது. முதியவர் ஆடுகளை மறந்துவிட்டார்.

தன் நிழலுக்கு அப்பால், சற்றுப் பின்னே, வேறொரு நிழல். அதன் இறக்கைகள் தன் நிழலின் இறக்கைகளைப் போன்றே நீண்டிருந்தன. வானத்தில் எங்கு நோக்கினும் ஒன்றுமில்லை. முன்னே இல்லை, இடத்தில் இல்லை, வலத்தில் இல்லை. நிழல் மட்டும் இருந்தது. அது தன் நிழலை நெருங்கி வந்துகொண்டிருந்தது.

கணக்கு விரும்பும் மாணவர்கள் இங்கே ஒரு படம் வரைந்து பாருங்கள். ஞாயிறு 45 பாகை உயரத்தில் இருந்தால், ஒரு பொருளின் உயரமும் அதன் நிழல் விலகிக் கிடக்கும் தூரமும் சமம். இரண்டு விமானங்களும் ஒரே இறுதிக் கோட்டில், அதாவது ஒரே தென்வடல் கோட்டில், வருகின்றன. ஆகவே இரு நிழல்களுக்கும் இடையே கிழக்கு மேற்காக உள்ள இடைவெளி எவ்வளவோ, அவ்வளவே இரு விமானங்களுக்கும் இடையிலுள்ள உயர வேறுபாடு. செஸ்னா 152 விமானத்தின் இறக்கை நீளம் சுமார் 33 அடி. முதலில் கண்டபோது நிழல்களின் இடைவெளி நான்கு இறக்கை நீளம் இருந்தது என்றான். அதாவது 130 அடி. நிழல் அப்புறமாக விழுந்திருந்ததால் அந்த விமானம் மேலே இருந்தது. பின்தங்கி விழுந்திருந்ததால் அது பின்னால் இருந்தது. வடிவ கணிதத்தை இத்தனை விரைவாகச் செய்து முடித்த மாணவன் என் வகுப்பில் வேறெவனும் இல்லை என்றே சொல்வேன். ஆயினும் அவன் அதைப் புரிந்துகொண்ட கணத்தில் இடைவெளி இரண்டு இறக்கை நீளமாகச் சுருங்கிவிட்டது.

அவனுக்குப் பின்னே, அவன் தலைக்கு நேர் மேலே, பைப்பர் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. அது செஸ்னாவைவிட வேகமாக இறங்கும் இயல்புடையது. செஸ்னாவின் கூரை இறக்கை பைப்பரை அவனுக்கு மறைத்தது. பைப்பரின் திண்ணை இறக்கையும் மூக்கும் அவனைப் பைப்பருக்கு மறைத்தன. இருவருடைய மறைவிடமும் ஒன்றோடொன்று பொருந்திவிட்டது. நோக்குங்கள்: வேறெந்த நிலையில் இருந்திருந்தாலும் ஒருவர் மற்றவரைக் கண்டிருப்பார்.

ஆபத்து என்றதும் கை தானாகச் செய்ய விரும்புவது ஒன்று உண்டு: விசையைக் கூட்டி மேலே எழும்புவது. பயிற்சியில் பலமுறை கற்றதும் அதுதான். இறங்குவது சரிப்படவில்லையென்றால் மேலேறு. அன்று அவ்வாறு செய்திருந்தால் அவனே போய் மோதியிருப்பான். "கை விசைப்பிடிக்குப் போய்விட்டது, ஐயா. அங்கேயே நிறுத்தினேன்" என்றான். மூக்கைச் சற்றே தாழ்த்தி வலப்புறம் திருப்பினான். 200 அடி உயரத்தில் பனைகளுக்கு மேலே விலகிச் சென்று, இடப்புறம் திரும்பிப் பார்த்தபோதுதான் பைப்பரை முதன்முதலாகக் கண்டான். அது எந்தச் சலனமும் இன்றி, அழகாக இறங்கித் தரையைத் தொட்டது. அதிலிருந்தவன் ஒன்றையும் அறியவில்லை.

உலக நாடுகள் ஒப்புக்கொண்ட வானூர்தி விதிகளின்படி, இறங்கும் விமானங்களுள் தாழ உள்ளதற்கே முதலுரிமை. பின்னே வந்து முந்துகிறவனே வலப்புறம் விலக வேண்டும். நேருக்கு நேர் வருவோர் இருவரும் தத்தம் வலப்புறம் ஒதுங்க வேண்டும். பாதைகள் குறுக்கிட்டால், எவனுக்கு மற்றவன் வலப்புறம் தெரிகின்றானோ அவன் வழிவிட வேண்டும். என் மாணவனுக்கு அன்று இரண்டு விதிகளின்படியும் உரிமை இருந்தது. ஆனால் விதிகள் அனைத்தும் ஒருவரையொருவர் கண்டார்கள் என்பதை அடிப்படையாகக் கொண்டவை.

காண்பது அத்துணைக் கடினமா என்று கேட்பீர்கள். அமெரிக்க வானூர்தித் துறையினர் இதைக் கணக்கிட்டு வைத்திருக்கின்றனர். மற்றொரு விமானம் கண்ணில் படுவதற்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு. அது இன்னதென அறிய ஒரு நொடி. அது நம்மேல் மோத வருகிறது என்று உணர 5 நொடி. எப்புறம் திரும்புவது என முடிவு செய்ய 4 நொடி. கைகால் அசைய அரை நொடிக்கும் குறைவு. விமானம் அதற்கு இணங்கித் திரும்ப 2 நொடி. ஆக 12.5 நொடி. இரண்டு சிறு விமானங்கள் மணிக்கு 185 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே வந்தால், அந்த 12.5 நொடியில் இருவருக்குமிடையே சுமார் 1,280 மீட்டர் கரைந்துவிடும். அத்தொலைவில் மற்ற விமானம் எவ்வளவு பெரிதாகத் தெரியும்? இறக்கை நுனியிலிருந்து நுனி வரை, முழுநிலவின் குறுக்களவுக்குச் சற்றுக் குறைவு. அதுவும் நிலவைப் போல் வட்டமாக அன்று. பென்சிலால் இழுத்த சிறு கோடு போல. அதை அந்தத் தொலைவிலேயே கண்டாக வேண்டும்.

இன்னொரு வஞ்சகமும் உண்டு. நம் கண் அசையும் பொருளை எளிதில் காணும். அசையாத பொருளைத் தவறவிடும். வயலில் நிற்கும் கொக்கைவிடப் பறக்கும் கொக்கே முதலில் கண்ணில் படுகிறது. மோதும் வழியில் வரும் விமானமோ, நம் முன்கண்ணாடியில் இடமும் வலமும் நகராது. ஒட்டிக்கொண்ட கொசுவைப் போல் ஒரே இடத்தில் நிற்கும். தொலைவு பாதியாகும்போது உருவம் இருமடங்காகும். ஆதலின் நெடுநேரம் புள்ளியாகவே நின்று, கடைசிச் சில நொடிகளில் பூதம் போல் பெருகும். நகர்ந்து செல்லும் விமானத்துக்கு அஞ்ச வேண்டா, நகராத விமானத்துக்கே அஞ்ச வேண்டும் என்று பயிற்றுநர்கள் கூறுவது இதனால்தான். நல்ல விமானி வானத்தைப் பொதுவாகப் பார்ப்பதில்லை. சிறுசிறு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கணநேரம் கண்ணை நிறுத்திப் பார்க்கிறான்.

அது சரி, ரேடியோ என்னவாயிற்று? இருவரும் முறைப்படி அறிவித்தனர். அதுவே வியப்பு. பைப்பரில் இருந்தவன் தொலைவில் பயிற்சியை முடித்துக்கொண்டு, சுற்றில் சேராமல் தெற்கிலிருந்து நேராக இறுதிக் கோட்டில் வந்தவன். மாசி வீதிகளைச் சுற்றாமல், வெளியிலிருந்து நேரே விளக்குத்தூணுக்கு வந்ததைப் போல. என் மாணவன் பொத்தானை அழுத்திய அதே கணத்தில் அவனும் அழுத்தினான். விமான ரேடியோவில் பேசும்போது கேட்க முடியாது. பொத்தானை விட்ட பிறகே செவி திறக்கும். ஆகவே இருவரும் ஒரே நேரத்தில் பேசினர்; ஒருவர் பேசியதை மற்றவர் கேட்கவில்லை. தரையிலிருந்த பயிற்றுநர் ஒருவருக்கு மட்டும் இரண்டு அலைகளும் மோதிய கீச்சொலி கேட்டது. அத்தகைய ஒலி நாள்தோறும் கேட்பதுதான். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

சொல் செவியில் சரியாக விழாமற் போவதால் பெருங்கேடு விளைந்தது நம் நாட்டிலேயே உண்டு. 1996ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், ஹரியானா மாநிலத்துச் சர்க்கி தாத்ரி என்னும் ஊரின்மேல், டில்லியிலிருந்து ஏறிக்கொண்டிருந்த சவூதி விமானமும், டில்லிக்கு இறங்கிக்கொண்டிருந்த கஜகஸ்தான் விமானமும் மோதின. சவூதி விமானத்துக்கு 14,000 அடி; கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி என வகுக்கப்பட்டிருந்தது. இரண்டாவது விமானம் தனக்குரிய உயரத்தில் நில்லாது கீழே இறங்கிவிட்டது. 349 பேர் மாண்டனர். நீதிபதி லகோட்டி அவர்கள் விசாரணை நடத்தினார். வருகைக்கும் புறப்பாட்டுக்கும் அன்று ஒரே வழி இருந்தது. பின்னர்த் தனித்தனி வழிகள் வகுக்கப்பட்டன. மோதல் நெருங்கினால் விமானியை எச்சரிக்கும் கருவியும் பெரிய விமானங்களுக்குக் கட்டாயமாயிற்று. ஆனால் பயிற்சிக்குரிய சிறு விமானங்கள் பலவற்றில் அக்கருவி இல்லை.

இனி என் மாணவனிடம் திரும்புவோம். இறங்கிவிட்டான். விமானத்தை நிறுத்திக் கட்டினான். யாரும் எதையும் பார்த்திருக்கவில்லை. "ஏன் ஒரு சுற்று விலகிப் போனாய்?" என்று கேட்டவரிடம், "உயரம் சரிப்படவில்லை" என்றான். அது பொய்யில்லை, மெய்யுமில்லை.

இங்கேதான் அவனுக்கு உண்மையான சோதனை தொடங்கியது. பைப்பரில் இருந்தவன் அவனுடைய அறைத் தோழன். இருவரும் ஒரே தட்டில் உண்டவர்கள். அவனுடைய தந்தையாரும் கடன் பட்டவரே. அறிக்கை எழுதினால் விசாரணை வரும்; தோழனின் பறப்பு நிறுத்தப்படலாம்; தானே பயந்து கதை கட்டினான் என்றும் கூறலாம். சாட்சி யார்? வயலில் ஓடிய ஒரு நிழல். எழுதாவிட்டாலோ, எவருக்கும் ஒரு நட்டமும் இல்லை; இருவரும் உயிரோடு இருக்கின்றனர்; விமானத்தில் ஒரு கீறலும் இல்லை. அன்றிரவு தோழன் வழக்கம்போல் சிரித்துப் பேசி உண்டான். இவன் உண்ணவில்லை.

"ஐயா, அப்பொழுது எனக்கு ஒன்பதாம் வகுப்பு ஞாபகம் வந்தது" என்றான். நான் தலைகுனிந்தேன். அதை உங்களிடம் மறைப்பதற்கில்லை.

எங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஒருமுறை ஒரு மாணவன் குடுவையை உடைத்துவிட்டு, தானாகவே வந்து என்னிடம் சொன்னான். நான் அவனை வகுப்பின் முன் நிறுத்தி, அபராதமும் விதித்தேன். கண்டிப்பான ஆசிரியர் என்ற பெயர் அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. சில மாதங்கள் கழித்து வெப்பமானி ஒன்று உடைந்தது. உடைத்தவன் வாய் திறக்கவில்லை. பாதரசம் தரை வெடிப்பில் ஓடி ஒளிந்துகொண்டது. பாதரச ஆவி நஞ்சு என்பதை நானே பாடம் நடத்தியிருக்கிறேன். அந்த அறையில், அந்த வெடிப்பின்மேல், பிள்ளைகள் எத்தனையோ வாரம் நின்று ஆய்வு செய்தனர், நானும் நின்றேன். ஒரு நாள் தரையைக் கழுவும்போது வெள்ளி மணிகளாக அது வெளியே உருண்டது. யார் உடைத்தது என்று நான் அதட்டினேன். வகுப்பு முழுதும் ஊமையாக நின்றது. அந்த வகுப்பில் இவனும் இருந்தான். வெப்பமானியை உடைத்தவன் இவனா என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் உளவியல் படித்துத் தேறியவன் நான். தவற்றைச் சொன்னவனைத் தண்டித்ததனால் அடுத்த தவற்றை மறைக்கக் கற்பித்தேன் என்பது எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

வானூர்தித் துறை இதைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1974ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், அமெரிக்காவில் வாஷிங்டன் நகரத்தருகே டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் விமானம் ஒன்று, இறங்கும் வழியில் தாழ வந்து வர்ஜீனியா மாநிலத்து மலை ஒன்றில் மோதிற்று. 92 பேரும் மாண்டனர். அதற்கு ஆறு வாரங்களுக்கு முன் வேறொரு நிறுவனத்தின் விமானிகள் அதே இடத்தில் அதே தவற்றைச் செய்து மயிரிழையில் தப்பியிருந்தனர். அவர்கள் தம் நிறுவனத்திடம் தெரிவித்தனர். அந்நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. ஆனால் அச்செய்தி வேலியைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போகவில்லை. அதன்பின்னர் 1976இல், விமானிகள் தம் தவறுகளையும் தப்பிய கதைகளையும் பெயர் வெளியாகாமல் எழுதியனுப்பும் ஏற்பாடு ஒன்றை நாசா நிறுவனத்தின் பொறுப்பில் தொடங்கினர். மோதலைத் தவிர்க்க விலக வேண்டிய அளவுக்கு இரண்டு விமானங்கள் நெருங்கினால், ஒருவருக்கும் காயமில்லாவிடினும் அதைக் கடும் நிகழ்வாகக் கொள்ள வேண்டும் என்பது உலக நாடுகளின் ஒப்பந்தம். நம் நாட்டிலும் அதனைத் தெரிவித்தாக வேண்டும்.

மலையில் மோதியது என்றதும் எனக்கு என் இளமை நினைவு வருகிறது. 1971 டிசம்பர் 9ஆம் நாள், திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்துகொண்டிருந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம், சின்னமனூரை அடுத்த மேகமலைப் பகுதியில் மோதியது. 21 பேர் இறந்தனர். 10 பேர் பிழைத்தனர். எனக்கு அப்பொழுது பத்து வயது. பாகிஸ்தானோடு போர் நடந்துகொண்டிருந்த நாட்கள். எங்கள் தெருவில் பெரியவர்கள் அதைப் போரோடு முடிச்சுப் போட்டுப் பேசினர். மேற்கே அந்த மலைத்தொடரைக் காணும்போதெல்லாம் இன்றும் எனக்கு அந்த விமானம் நினைவுக்கு வருகிறது.

என் மாணவன் இரண்டு இரவு உறங்கவில்லை. மூன்றாம் நாள் விடியலில் தோழனை எழுப்பி, அலுவலகத்துக்குப் போகுமுன் அவனிடமே சொன்னான். "மாப்பிள்ளை, நீ என் தலைமேல் இறங்கினாய்" என்றான். தோழன் முதலில் சிரித்தான். பிறகு முகம் வெளுத்தது. "நீ மேற்குப் பக்கம் வருவதாகச் சொன்னது கேட்டது. ரொம்ப நேரம் ஆனதால் இறங்கியிருப்பாய் என்று நினைத்தேன்" என்றான். இருவரும் சேர்ந்தே அறிக்கை எழுதினர். ஒரே தாளில், இரண்டு கையெழுத்து.

தலைமைப் பயிற்றுநர் கடுமையானவர் என்று பெயர் பெற்றவர். படித்துவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தார். தோழன் ஒரு வாரம் பறக்கவில்லை. மேலும் சில மணி நேரம் பயிற்றுநரோடு பறந்த பிறகே தனியே அனுப்பப்பட்டான். அன்றிலிருந்து அத்தளத்தில் மாணவர் எவரும் நேராக இறுதிக் கோட்டில் சேரக் கூடாது, சுற்றில் சேர்ந்தே வர வேண்டும் என்று விதித்தனர். இறுதிக் கோட்டில் அறிவித்தவன் மறுமொழி வராவிடில் மீண்டும் ஒருமுறை அறிவிக்க வேண்டும். கீச்சொலி கேட்டவர் யாராயினும், "இரு குரல்கள் மோதின" என்று உடனே கூற வேண்டும் என்பதும் விதியாயிற்று. கூரை இறக்கையும் திண்ணை இறக்கையும் உள்ள விமானங்கள் ஒரே நேரத்தில் சுற்றுவதையும் இயன்றவரை தவிர்த்தனர்.

2025ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் கனடா நாட்டில், மானிட்டோபா மாநிலத்து ஸ்டைன்பாக் என்னும் ஊரருகே, பயிற்சிப் பள்ளியொன்றின் இரண்டு செஸ்னா விமானங்கள் இறங்கும் பயிற்சியின்போது ஓடுபாதைக்கு அண்மையில் மோதி விழுந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு மாணவர் தனியே இருந்தார். ஒருவர் நம் அண்டை மாநிலமாகிய கேரளத்து இளைஞர். மற்றவர் அந்நாட்டு இளம்பெண். இருவரும் மாண்டனர். இரு விமானங்களிலும் ரேடியோ இருந்தது. அச்செய்தியைக் கேட்ட அன்றிரவு என் மாணவன் எனக்குத் தொலைபேசியில் பேசினான். பேசினான் என்பதைவிட, சிறிது நேரம் மௌனமாக இருந்தான் என்பதே பொருந்தும்.

கண்மாய்க் கரையில் இருட்டத் தொடங்கியது. முதியவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அந்த இன்னொரு பிள்ளைக்கு அந்த நிழல் ஏன் தெரியவில்லை, தம்பி?" என்று கேட்டார்.

"அவனும் இதையேதான் கேட்டான், தாத்தா. அடுத்த வாரம் அவனுடைய பைப்பரில் ஏறி, அதே நேரத்தில், அதே இடத்தில் போய்ப் பார்த்தோம். நிழல் விழுகிற இடத்தை அவன் இறக்கையே மறைத்துக்கொண்டிருந்தது."

முதியவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு கரையிலிருந்து இறங்கினார். பெருங்குடித் திக்கில் அடுத்த விமானத்தின் விளக்கு தெரிந்தது. என் மாணவன் அதைப் பார்க்கவில்லை. அதற்கு முன்னும் பின்னும், மேலும் கீழுமாக, வானத்தைப் பகுதி பகுதியாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.